கேரம் பவுடர் தின்ற பப்பாளி

மண்ணூரில் பேச்சுத்துணைக்கு மாத விலை இரண்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். இழந்தவன் கட்டும் விலை அது. நாலு பேர் இருந்த அறையில் மூன்று பேரைச் செல்போன் கம்பெனி கணக்கு முடித்து அனுப்பிவிட்டது. உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த வனமாமலை மட்டும் மிஞ்சி, தலைக்கு எழுநூற்றைம்பது என்று மூவர் பங்கு வாடகையையும் சேர்த்துக் கட்டினான்.

அவர்கள் துப்பிய விதையில் குளியலறைக்குப் பின்னால் ஒரு பப்பாளி வளர்ந்திருந்தது. காயெல்லாம் மேடும் பள்ளமுமாகக் கோணியிருக்கும், பால் வடியும். அந்த மூவரில் ஒருவனான இசக்கிபாண்டி ஊரிலிருந்து போனில், "நல்ல காயா ஒண்ணு காய்க்கட்டும்ல மாமல, அறுக்க நானே வாரேன்" என்றான். பேச்சுக்குச் சொன்னதுதான். வனமாமலை அதை வாக்காகவே எடுத்துக்கொண்டான்.

ஸ்ரீபெரும்புதூர் உரக்கடை நடேசன், அவன் கொண்டுபோன கோணல் காயைத் திருப்பிப் பார்த்தார். "போரான் பத்தல தம்பி. உங்குது மணல் பூமி. மழ பேஞ்சா அந்தச் சத்து கரைஞ்சு கீழ பூடும். எரு போட்டா புடிச்சு வச்சிக்கினு, கொஞ்சம் கொஞ்சமா வுடும். போராக்ஸ் உரம் ஒரு கிலோ தரட்டா?"

"ஒத்த மரத்துக்கா அண்ணாச்சி? கேரம் போர்டுல தூவுத போரிக் பவுடரு ரூம்ல கெடக்கு."

"அப்போ எனக்கு யாவாரம் போச்சு," என்று சிரித்தார். "அதுலயும் அதே சத்துதான். மூணு சிட்டிகை. மேல போனா வெஷம்."

கேரம் பலகை சுவரைப் பார்த்து நின்றது. அரை டப்பா பவுடர் மிச்சமிருந்தது. மூன்று சிட்டிகை போட்டான். மீதி இனி யாருக்கு? மழை எப்படியும் பாதியைத் திருடத்தானே போகிறது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லி, டப்பாவைக் கவிழ்த்தான்.

பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் நெருப்பு வைத்ததுபோல் கருகிற்று. பிஞ்சு உதிர்ந்தது. நடேசன் திட்டவில்லை. "குட்த்தத திருப்பி வாங்கவும் தண்ணிதான் தம்பி. ஊத்து."

ஷிப்ட் முடிந்து வந்து தினமும் இருபது வாளி ஊற்றினான். ஐப்பசி மழையும் தன் பங்குக்குக் கழுவிற்று. மழை அடங்கியதும், மிஞ்சிய சத்தைப் பிடித்துவைக்க இரண்டு கூடை மாட்டெரு போட்டான்.

பங்குனியில் மூன்று காய் வழவழவென்று திரண்டன. மஞ்சள் ஓடிய அன்றே போன் போட்டான்.

"நான் திருப்பூர்ல சேந்துட்டேம்ல. லீவு கெடையாது," என்றான் இசக்கிபாண்டி. "நீயே தின்னு. இனிக்கா?"

"இனிக்கு," என்றான் வனமாமலை. இன்னும் அறுக்கவே இல்லை.

மரம் காய்த்தது இருபத்தாறு. கோணல் பதினொன்று, கருகி உதிர்ந்தது பன்னிரண்டு, நேராய்ப் பழுத்தது மூன்று. மூன்றில் வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்று, நடேசனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. காய்க்கணக்கு நேர். ஆள் கணக்கில் ஒன்று பாக்கி.