இழவு வீட்டுச் சோளம்

மழை பொய்த்து இரண்டாவது வருஷம். ஊர்க் கிடங்கில் வெளிநாட்டு மக்காச்சோளம் கூரை முட்ட அடுக்கியிருந்தது. ஊரோ காட்டுக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தது. என்ன கொடுமை! மரபணு மாற்றிய சோளமாம், யாரும் தொடக்கூடாதென்று ரேடியோ சொல்லிவிட்டது. தின்றால் கர்ப்பம் தங்காது, கண் உள்ளே போய்விடும் என்று மிச்சத்தை ஊரே சேர்த்துக்கொண்டது.

அன்று காலை லாரி வந்து மூட்டைகளைத் திருப்பி அனுப்ப ஏற்றும்போது ஒன்று கிழிந்தது. சிந்தியதை இடுப்புத் துணியில் வாரிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள் துவாம்போ. மகள் லுயாண்டோவுக்குப் பட்டினியில் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தது. இனி எதற்குப் பயப்படுவது? இடித்து மாவாக்கி, மதியம் ஒரு பானை ந்சீமாக் களி கிண்டினாள்.

"அம்மா முதல்ல சாப்பிடறேன்டி. பொழுது சாயறவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீ சாப்பிடு. அதுவரைக்கும் தொடாதே."

"சரிம்மா" என்று குழந்தை பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அந்த மதியத்தில் வேறெந்த வீட்டிலும் அடுப்புப் புகை இல்லை, மறைக்க முடியுமா? அடுத்த வீட்டுக்காரி பீன்சு வாசலில் வந்து நின்றாள்.

"லுயாண்டோ அம்மா, அந்தச் சோளத்தைத் தின்னுட்டியா?"

"தின்னுட்டேன்."

"அடிப் பாவி!" பீன்சு தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்தது. ஆண்கள் இழவு வீட்டில் சுற்றி உட்கார மூட்டும் தீயை மூட்டினார்கள். பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள். துவாம்போ அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள்; ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் நல்லாத்தான் இருக்கேன். போய்த் தொலைங்க!"

"பேசுது பாரு," என்றார் ஊர்த்தலைவர் முவீம்பா, பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக. "இன்னும் போகலை."

துவாம்போவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயிற்றைத் தடவிப் பார்த்தாள். வலிக்கிறதா என்ன? அவள் குணத்தையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். தான் போய்த்தான் விட்டோமோ என்று பயந்து அவளும் கூடச் சேர்ந்து அழுதாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போகும் வழக்கம் அங்கே கிடையாது. ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குள் போய் வந்ததை அவள் கவனிக்கவேயில்லை.

பொழுது சாய்ந்தது. வலியில்லை, மயக்கமில்லை. ஒப்பாரியும் ஓய்ந்திருந்தது.

"பிழைச்சுட்டேன்டி, கண்ணு!" என்று உள்ளே ஓடினாள்.

பானையை வழித்து நக்கியிருந்தார்கள். குழந்தை வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் வந்து வந்து தின்னாங்கம்மா. நீ சொன்ன மாதிரி நான் மட்டும் தொடவே இல்லை," என்றாள் லுயாண்டோ. "நீதான் சாகலையே, இப்ப சாப்பிடலாமா?"