திரும்பி வருவதன் நிரூபணம்

கணிதத் துறைக்கும் புள்ளியியல் துறைக்கும் நடுவில் இருந்த நாற்பத்திரண்டு அடித் தாழ்வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து ஆளுக்கொரு நீளமாகிவிட்டது. துப்புரவுப் பணியாளர் ஒரு நிமிடத்தில் கடந்தார். அவர் பின்னாலேயே போன தலைமை எழுத்தர் ஒன்றரை நாள் கழித்து மறுமுனையில் வெளிப்பட்டு, இடது பக்கம் திரும்பினால் மறுபடியும் இடது பக்கமே வந்தது என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் தனக்கு ஒரு நாள் விடுப்பு எழுதிக்கொண்டார். பொறியாளர்கள் நாடா பிடித்து அளந்தார்கள். நாற்பத்திரண்டு அடிதான் இருந்தது. அவசர வேலை உள்ளவர்கள் தோட்டத்தைச் சுற்றிப் போகப் பழகினார்கள்.

இரு முனைகளிலும் இருந்த இருவர்தான் காரணம் என்று பேச்சு இருந்தது. ஒரு முனையில் கணிதப் பேராசிரியர். மறுமுனையில் அவர் மனைவியின் தங்கை, புள்ளியியலாளர். மண், பஞ்சு, விரிசல் விட்ட பாறை என்று, எங்கே வழி எங்கே அடைப்பு என யாருக்கும் தெரியாத பொருள்களுக்குள் ஒரு துளி நீர் எப்படி அலைகிறது என்பதை இருவரும் ஒன்பது வருடமாகச் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அவர் நிரூபிப்பார். அவள் அளந்து பார்த்துவிட்டு, "உங்க தேற்றம் அழகாத்தான் இருக்கு அத்தான், மண்ணுக்குத்தான் அது தெரியல" என்பாள். பேராசிரியர் காலில் சக்கரம் கட்டியவர். தோட்டத்தைச் சுற்ற அவருக்குப் பொறுமை இல்லை. கட்டுரையின் கடைசித் தாளை அவளிடம் கொடுக்கத் தாழ்வாரத்துக்குள் நுழைந்தார். வந்து சேரவில்லை. காலடி ஓசை மட்டும் கேட்டது, ஒரு நாள் தாழ்வாரக் கதவுக்குப் பின்னாலேயே, மறுநாள் எங்கோ ஆழத்தில்.

மனைவி செவிலியர். பணி முடிந்ததும் வந்து தங்கையின் அறைக் கதவோரம் உட்காருவாள், இருப்புக் கொள்ளாமல் எழுந்து நடப்பாள், மறுபடி உட்காருவாள்.

"வருவாராடி?"

"கண்டிப்பா வருவார்க்கா. உள்ள போனது எதுவும் வெளிய வந்தே தீரும்னு அவரே நிரூபிச்சிருக்கார்."

"எப்ப?"

"அதுக்குச் சராசரி கிடையாது."

"அப்படின்னா?"

"எத்தனை நாள்னு நான் சொன்னாலும் குறைச்சலாத்தான் இருக்கும்."

மறுநாளிலிருந்து அக்கா ஒரு மாற்றுச் சட்டையும் கொண்டுவந்தாள்.

இரண்டாம் வருடம் அந்த நிரூபணத்தை மறுபடி சரிபார்த்தபோது, பதினேழாம் பக்கத்தில் ஓர் ஓட்டை இருப்பதைத் தங்கை கண்டாள். அது அடைபடாவிட்டால், போனவர் வந்தே தீர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அக்காவிடம் சொல்லவில்லை. மூன்று நாள் அதைத் தானே அடைக்கப் பார்த்தாள். நாலாம் நாள் தாழ்வாரக் கதவைத் திறந்து, "அத்தான், பதினேழாம் பக்கம் நாலாவது வரி தப்பு!" என்று கத்தினாள். முப்பத்தெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "தெரியும். நடந்துக்கிட்டே யோசிக்கிறேன். உன் அளவெல்லாம் சத்தமாப் படி." அவள் படித்தாள். கேள்வி போக ஒரு வாரம், பதில் வர ஒரு மாதம் என்று நாலு வருடம் கழிந்தது. ஒருநாள் அக்கா சீக்கிரமே வந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிவிட்டாள். அழவில்லை. "உனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, குடு" என்று தாளை வாங்கி, மீதி எண்களைத் தானே கத்தினாள். அந்த எண்களால்தான் ஓட்டை அடைபட்டது.

அடைபட்ட பதினோராம் நாள் பேராசிரியர் வெளியே வந்தார். சட்டைக் கழுத்தில் அழுக்குக்கூட இல்லை. அவர் கணக்கில் எல்லாம் ஒரே மதியத்தில் நடந்து முடிந்திருந்தது. மனைவி நாடி பிடித்துப் பார்த்தாள். எழுபத்திரண்டு. அதன் பிறகும் கையை விடவில்லை.

"ஆறு வருஷம்" என்றாள்.

"கொஞ்சம் சுத்திட்டேன்" என்றார். உடனே, மூக்குக் கண்ணாடியைத் தன் அறையில் விட்டுவந்தது நினைவுக்கு வந்து, திரும்பித் தாழ்வாரக் கதவைத் தள்ளினார்.

"இந்தத் தடவை நானும் வரேன்" என்றாள் மனைவி. "உள்ள வச்சுத் திட்டிக்கிறேன். நிறைய நேரம் கிடைக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. இரண்டு ஜோடிக் காலடிகள் கேட்டன. ஒன்று மற்றொன்றைத் திட்டிக்கொண்டே போனது. தங்கை குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டாள். சேர்ந்து நுழைபவர்களைப் பற்றி அதுவரை யாரும் அளவு எடுத்திருக்கவில்லை.