சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த வரி

வலது காலுக்கு மேஸ் ஏறிவிட்டது. இடது கால்தான் அடம் பிடித்தது. குதியில் காலுறைத் துணி சிக்கி இழுக்க இழுக்கச் சுருண்டது. யோகராஜா சவப்பெட்டியின் விளிம்பில் வயிற்றை ஊன்றிக் குனிந்து, அண்ணன் குணசேகரத்தின் பாதத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தான். உதவட்டுமா என்று கேட்டார், பக்கத்தில் நின்ற சுவிஸ் மயான ஊழியர். வேண்டாம் என்று தலையாட்டினான்.

பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு, கீழே கறுப்பு மேஸ். பார்க்கச் சகிக்கவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் காய்ப்பு தெரிவதைவிட இது பரவாயில்லை.

இரண்டு பாதங்களின் உட்பக்கமும் கறுத்துத் தடித்துக் காய்த்துக் கிடந்தன. பதினெட்டு வருஷம் தளைநாரைக் காலில் மாட்டிக் காலையும் மாலையும் பனை ஏறிக் கள்ளுச் சீவிய காய்ப்பு. யாழ்ப்பாணத்தான் ஒருவன் அதை ஒரு தரம் பார்த்தால் போதும், என்ன சாதி ஆட்கள் என்று வாயைத் திறந்து கேட்கவே தேவையில்லை. லுசேர்ணுக்கு வந்த மூன்று வருஷத்தில் யோகராஜா அதை எவருக்கும் காட்டவில்லை. அகதி முகாமில் விசாரித்தவர்களிடம் "கமம் செய்தனாங்கள்" என்று வயல்காரரைப்போலச் சொல்லிச் சமாளித்தான். கொதிக்கிற யூலை மாதத்திலும் அண்ணனை மேஸ் போடவைத்தான். அண்ணனும் ஏன் என்று கேட்காமல் போட்டுக்கொண்டு திரிந்தார். அந்த மனுஷன் தம்பி சொன்னால் எதையும் கேட்பார். வினையே அங்கேதான்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தவராஜா அண்ணை டீட்டிகோனிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். இந்தப் பக்கத்தில் ஐயர் கிடையாது. செத்த வீடென்றால் தேவாரம் படிக்கவும் சடங்கு முறை சொல்லவும் அவர்தான். அதற்குள் கால்களை மூடியாக வேண்டும்.

எல்லாம் ஆகஸ்டில் ஒரு கட்டலோக்கில் தொடங்கியது. சகோதரர்கள் இருவரும் வேலை செய்த உணவகத்தின் முதலாளி ஹேர் அம்ரைனுக்கு மான் வேட்டை என்றால் பைத்தியம். இலை கொட்டுகிற காலத்தில் அவர் சுட்ட மான்தான் அந்த உணவகத்தின் விசேஷச் சாப்பாடு. காட்டில் அவர் மானுக்குக் காத்து உட்காரும் மரப் பரண் உக்கிப் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்த மைத்துனர் அனுப்பிய கட்டலோக்கில் புதுச் சாமான் ஒன்று வந்திருந்தது. ஆளோடு சேர்ந்து மரத்தில் ஏறுகிற பரண். இரண்டு துண்டு. மேல் துண்டில் உட்கார்ந்து கீழ்த் துண்டைக் காலால் இழுக்க வேண்டும், பிறகு அதில் எழுந்து நின்று மேல் துண்டை உயர்த்த வேண்டும். மயிர்க்கொட்டிப் புழு ஏறுகிற மாதிரி. முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. யோகராஜாவோ மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன், அண்ணன் ஏறிய பனைகளின் புண்ணியத்தில். ஆகவே உருளைக்கிழங்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்தான்.

படத்தில் இரண்டு பரண்கள். ஒன்று இரும்பு, சுற்றிவரக் கம்பி, பதினாறு கிலோ. மற்றது அலுமினியம், வெறும் தட்டு, எட்டுக் கிலோ. முதலாளியின் விரல் இரும்பில்தான் நின்றது. மலையில் சுமக்கப் போகிறவர் அண்ணன் என்பதால் யோகராஜா எட்டுக் கிலோவைச் சிபாரிசு செய்தான். அதுவரைக்கும் அவனில் பிழை சொல்ல முடியாது.

பக்கத்தின் அடியில் ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது. இடுப்புப் பட்டி பற்றியது. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று முதலாளி தன் டொச் மொழியில் கேட்டார்.

முதல் நாள்தான் பரிமாறுகிற பெடியன் ஒருவன், உன் அண்ணனுக்குக் கிழங்கு உரிப்பதைத் தவிர ஏதாவது தெரியுமா என்று சிரித்திருந்தான். அந்த எரிச்சல் யோகராஜாவுக்கு இன்னும் ஆறவில்லை. "அது ஏறத் தெரியாதவர்களுக்கு, ஷெஃப்," என்றான். "என் அண்ணன் பனை ஏறினவர். ஒரு நார் வளையம் மட்டும்தான், வேறொன்றும் இல்லை."

முதலாளி விசிலடித்தார். எழுந்து அடுக்களைக்குள் போய், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குணசேகரத்தின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறந்தது முதல் அண்ணனின் தொழிலை யோகராஜா பெருமையாகச் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

பெட்டி வந்து இறங்கியபோது அண்ணனும் கேட்டார். "டேய் யோகன், இதில சிவப்பா ஒட்டிக் கிடக்கு. என்னவாம்?"

"வெள்ளையளின்ட பயம். நீங்கள் பாக்காத மரமோ?"

அண்ணன் வாய்கொள்ளாமல் சிரித்தார். மூன்று வருஷத்தில் அப்படி அவர் சிரித்ததில்லை. ஒக்டோபரில், வேட்டைக்கு முன்னால் பக்கக் கிளைகளை வெட்டிவிடப் பட்டி இல்லாமல் பரணோடு ஏறினார். பனை சொரசொரப்பு, ஏறுகிறவன் காலைப் பிடித்து வைத்திருக்கும். இந்தக் காட்டு மரத்துக்கு வழுவழுவென்ற பட்டை, அதிலும் முதல் நாள் மழை. கீழ்த் துண்டு வழுக்கி, அண்ணன் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார், கண் திறக்கவில்லை. அண்ணி செல்வராணிக்கு அடித்த தந்திக்கு இன்னும் பதில் இல்லை. ஊரில் சண்டை, தபால்காரன் போனானோ தெரியாது.

இடது மேஸும் ஒருவழியாக ஏறியது. நிமிர்ந்தபோது வாசலில் முதலாளி நின்றார். கறுப்புக் கோட்டு, கையில் சுருட்டிய கட்டலோக். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நாளைக்குப் பொலிஸ் வருகிறது," என்றார். "நான் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். நீ பனை ஏறுவதைப் பற்றிச் சொன்னதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. இந்தச் சிவப்புக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று உன்னைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய்."

முதலாளிக்கு உண்மையாகவே மறந்துவிட்டது. அண்ணன் இனி வந்து சொல்லப் போவதில்லை. அகதி மனு இன்னும் முடியாத ஒருவனுக்கு, பொலிஸ் கேட்பதற்கு முன்பே கடவுள் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த நிம்மதி யோகராஜாவுக்கே அருவருப்பாக இருந்தது.

வான் வந்துவிட்டது. பதினைந்து பேர் ஈரச் சப்பாத்துகளோடு உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். தவராஜா அண்ணை தேவாரத்தை முடித்துவிட்டு அரிசித் தட்டை நீட்டினார். ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். முதலாளியும் அவர்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டார், பாதி வேட்டியிலும் கால்மாட்டிலும் சிந்தியது.

"இப்ப தம்பிக்காரன் வாரும்," என்றார் தவராஜா அண்ணை. "இளையவன் நீர்தான் கடைசியா காலைத் தொட்டுக் கும்பிட வேணும்." பிறகுதான் கால்களைக் கவனித்தார். "இதென்ன தம்பி, வேட்டிக்கு மேஸ்?"

"குளிர் எண்டு போட்டனான், அண்ணை."

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சென்று உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

"மேஸுக்கு மேலயோ கும்பிடுறது? கழட்டும் ஐசே."

யோகராஜா அசையவில்லை. தவராஜா அண்ணை தானே கழற்றக் குனிந்தார். "விடுங்கோ, நான் கழட்டுறன்," என்று அவர் கையைத் தள்ளிவிட்டான் யோகராஜா. முதலில் இடது. ஏற்ற அவ்வளவு பாடுபட்டும் அது ஒரே இழுவையில் வந்தது. பிறகு வலது.

அறையில் யாரோ இருமினார்கள். பின்னால் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரின் முகத்தைப் பார்த்தார். தவராஜா அண்ணை காய்ப்பைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சீவினவரோ?"

"ஓம்," என்றான் யோகராஜா, எல்லாருக்கும் கேட்க. "சீவினவர். அதிலதான் நான் படிச்சனான்."

குனிந்து, காய்ப்பில் நெற்றி முட்டும்படி கும்பிட்டான். பாதம் பனிக்கட்டியாக இருந்தது. நிமிர்ந்ததும் மேஸ்களைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனான்.

"நீங்கள் கேட்டீர்கள், ஷெஃப். நான்தான் சொல்லவில்லை. அதைத் தாருங்கள்."

முதலாளி விளங்காமல் பார்த்துக்கொண்டே கட்டலோக்கை நீட்டினார். அந்தப் பக்கம் ஏற்கெனவே மடித்துக் கிடந்தது. யோகராஜா சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைப்போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி டொச்சில் சொன்னான்.

"எவ்வளவு நன்றாக மரம் ஏறத் தெரிந்தவராக இருந்தாலும், இடுப்புப் பட்டி இல்லாமல் ஏறாதீர்கள்."

"இன்னொரு தரம்," என்றார் முதலாளி.

இன்னொரு தரம் சொன்னான்.

முதலாளி கட்டலோக்கைத் திரும்ப வாங்கவில்லை. அது யோகராஜாவின் கையிலேயே இருந்தது. மயான ஊழியர் பெட்டி மூடியைப் பிடித்தபடி, மூடலாமா என்று கண்ணால் கேட்டார். யோகராஜா தலையசைத்தான்.

மூடி தலைப்பக்கமிருந்து மெல்ல இறங்கியது. முகம் போனது, பட்டு வேட்டி போனது. கடைசியாகப் பாதங்கள் இரண்டும் வெளிச்சத்தில் இருந்தன. இடது காலின் பெருவிரல் இடுக்கில் ஓர் அரிசி மணி ஒட்டிக்கொண்டிருந்தது.