நீல மூடி பாட்டில்

வாயில் ஊற்றிய பிறகுதான் உப்புக் கரித்தது. பாதியை விழுங்கி, பாதியைத் தொட்டியில் துப்பினான். பெண்டாட்டி செத்த அன்றைக்கும் தாகம் எடுக்கிறதே என்று கூச்சப்பட்டு ஃப்ரிட்ஜைத் திறந்த மனுஷனுக்குக் கிடைத்தது இதுதான். கையில் நீல மூடி. அதைத் தொடாதே, தொடாதே என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டது இப்போதுதான் நினைவுக்கு வந்து தொலைத்தது.

காலையில் "வண்டிச் சாவி எங்க?" என்று கத்தியவள், மத்தியானம் ஆஸ்பத்திரியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். உடம்பு இன்னும் வீடு வரவில்லை. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டினான்.

அவளோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண் வந்து அழுதாள். அழுகையோடு அழுகையாக, "அண்ணா, அக்கா இங்க ஒரு நீல மூடி பாட்டில் வச்சிருந்தாங்க. இந்த நேரத்துல கேக்கக் கூடாது" என்றாள்.

"குடிச்சிட்டேம்மா."

அவள் திகைத்துப் போனாள். நல்லவேளை, அடியில் ஒரு மடக்கு மிச்சமிருந்தது.

"ஒரு சொட்டு போதும்ணா. ஆனா லேப்ல எடுத்து வச்ச நண்டு விந்து இன்னைக்கு ராத்திரி தாங்காது. இதுக்காக அக்கா உசிர விட்டு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவனும் கூடவே கிளம்பினான். "மூளை குழம்பிருச்சாடா உனக்கு?" என்றாள் அவன் அம்மா. குழம்பித்தான் போயிருந்தது.

ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். குதிரைலாட நண்டின் விந்தணுக்கள் கடல்நீரில் பொடிப்பொடியாய்க் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"செத்துப்போச்சா?"

"இல்லண்ணா, சும்மா கிடக்கு. முட்டையிலேர்ந்து ஏதோ ஒண்ணு கசியுது, அது பட்டாத்தான் ஓடும். நீங்க குடிச்சது முட்டை ஊறின தண்ணி, கொதிக்க வச்சு ஆற வச்சது. கொதிக்க வச்ச பிறகும் அதுக்குச் சக்தி இருக்கான்னுதான் அக்கா பாக்கணும்னாங்க."

இதே கதையைப் பெண்டாட்டி ஒருநாள் சாப்பிடும்போது சொல்ல, "அங்கயும் ஆம்பளைய எழுப்பிவிடப் பொம்பளதான் வேணுமா?" என்று கிண்டலடித்திருக்கிறான். அவள் கரண்டியை ஓங்கினாள்.

அந்தப் பெண் ஒரு சொட்டு விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஐயோ, குடித்துத் தொலைத்தோமே என்று கண்ணை எடுக்கப்போனான். அப்போது ஓரத்தில் ஒன்று துடித்தது. பக்கத்தில் இன்னொன்று. அடேயப்பா, பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி அத்தனையும் ஓட ஆரம்பித்தன.

"ஓடுதாண்ணா?"

"ஓடுதும்மா. ஒரே ஒரு சொட்டுதானா?"

"ஒண்ணுதான்."

தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள் அவன் பாட்டிலோடு படியிறங்கிவிட்டான்.

வீட்டுக் கூடத்தில் பெண்டாட்டியைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்தான். காலையில் கத்திய வாய் லேசாகத் திறந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையில என்னடா அது?" என்றாள் அம்மா.

குனிந்து பார்த்தான். பாட்டில் திறந்து, அந்த வாய்ப் பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. எப்போது திறந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. எழுந்து போய், நீல மூடியை இறுகத் திருகி, ஃப்ரிட்ஜில் அவள் வைத்திருந்த இடத்திலேயே வைத்தான்.