சித்திகாவின் எண்

கீழ்க்கட்டளையில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் பாட்சா, ஹெர்னியா ஆபரேஷனுக்காகத் தாம்பரத்து மருத்துவமனைக்குத் தனியாகவே வந்தார். "கூட யாரு பாய்?" என்று நர்ஸ் கிறிஸ்டி கேட்டபோது, "வந்துகினு கீறாங்க" என்றார். யாரும் வரப்போவதில்லை. மனைவி சித்திகா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

முந்தின இரவிலிருந்து பட்டினி. தியேட்டருக்கு அழைக்கும் நேரத்தில் வாந்தி எடுத்தார். மாடிப்படி ஏறி வந்தவர்போல மூச்சு இரைத்தது. கிறிஸ்டி விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நூற்று நாற்பத்தாறு.

"நல்லாத்தானே கீது? இட்டுகினு போ சிஸ்டர்."

"சர்க்கரையை யூரின்ல வெளியேத்துற மாத்திரை, அதை நிறுத்திட்டீங்கல்ல?"

"காலைல கூட போட்டேனே. ஒரு முழுங்கு தண்ணிலதான்."

அவள் வேறொரு பட்டையில் இன்னொரு துளி ரத்தம் வைத்தாள். கீட்டோன் என்னும் அமிலம் எகிறியிருந்தது. ஆபரேஷன் நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கையில் இன்சுலின், மறு கையில் குளுக்கோஸ்.

"சுகர்காரனுக்கு சக்கரத் தண்ணியா? இன்னா ஞாயம்?"

"டேங்க்ல தண்ணி இருந்தும் வால்வு மூடியிருந்தா குழாய்ல வருமா பாய்?"

"எப்டி வரும்?"

"இன்சுலின்தான் அந்த வால்வைத் திறக்கணும்."

இன்சுலின் குறைந்தால் சர்க்கரை உடலின் திசுக்களுக்குள் போகாது. பட்டினியும் சேர்ந்தால் உடல் கொழுப்பை எரிக்கும். அதில் உண்டாகும் அமிலம் ரத்தத்தில் தேங்கும். மாத்திரையோ சர்க்கரையை வடித்துக்கொண்டே இருப்பதால், அளவு மட்டும் ஒழுங்காகத் தெரியும். அமிலத்தை அடக்க இன்சுலின் வேண்டும். இன்சுலினால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடாமலிருக்க குளுக்கோஸ்.

"அந்த மாத்திரையை மூணு நாள் முன்னாடியே நிறுத்தணும். அதைச் சொல்ல உங்க அட்டெண்டர் நம்பருக்கு மூணு வாட்டி கூப்பிட்டோம். யாருமே எடுக்கலை."

அவள் எண்ணைப் படித்தாள். சித்திகாவுடையது. படிவத்தில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. வேறு யாருக்கும் அந்த எண் போய்விடக் கூடாதென்று மாதாமாதம் ரீசார்ஜ் செய்து, வெள்ளிதோறும் சார்ஜ் போட்டு, பீரோவில் அவளுடைய துப்பட்டிக்குக் கீழே வைத்திருந்தார். அது அடித்தபோது அவர் கடையில் இருந்திருப்பார்.

மறுநாள் மாலை மூச்சு சீரானது. ஆபரேஷன் அடுத்த வாரம் என்றார்கள். கிறிஸ்டி படிவத்தோடு வந்தாள்.

"இந்த நம்பரை ஃபார்ம்லருந்து அடிச்சு எடுத்துடவா பாய்?"

பாட்சா அவள் பேனாவை மெல்ல ஒதுக்கினார்.

"வாணாம். அந்த போனு இனிமே என் பையில இர்க்கும். நீ கூப்டு, நானே எடுக்கறேன்."