ஐந்தாம் மாடி வரைக்கும்

வாசலிலேயே ஒரு பிரம்புக் கூடையை வைத்து, போனை எல்லாம் அதில் போட்டுவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். பதினாறு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனிடம் வந்து போனைக் கேட்டால் என்ன நியாயம்? நான் தயங்கியதைப் பார்த்து என் மகள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு வயசில் இப்படிக் கடிகாரம் பார்க்க அவள் அம்மாவிடம்தான் கற்றிருக்க வேண்டும். போனைப் போட்டேன். சத்தத்தை மட்டும் குறைக்கவில்லை.

அவளும் அம்மாவும் இருக்கும் குடியிருப்பில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு இந்த வினாடி வினா நடக்கும். ஒரு பெரியவர், ஒரு குழந்தை என்று ஜோடியாகத்தான் சேர முடியும். இதுவரை அவள் அம்மாதான் உட்கார்ந்திருக்கிறாள். இந்த முறை அவளுக்கு அதே நாளில் ஏதோ பயிற்சி வகுப்பு வந்துவிட்டதால், போனால் போகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் அவள் அம்மாவும் பிரிந்து இரண்டு வருஷமாகிறது. போனில் மகளிடம், வருகிறேன் என்று சொன்ன கையோடு, "இந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாகூட வந்து இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன். "குவிஸ் முடிஞ்சதும் சொல்றேன்ப்பா. நீங்க லேட்டா மட்டும் வராதீங்க" என்றாள். ஒன்றாக இருந்த காலத்தில் வா, போ என்றுதான் பேசுவாள். இப்போது எல்லாம் 'ங்க' போட்டுத்தான். மகள் மரியாதை கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. எனக்கு என்னவோ யாரோ வேற்று ஆளிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

ஜெயித்தால் வருவாள் என்று அவள் சொல்லவே இல்லை. நானாக முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் படித்தேன். நூலகத்தில் எடுத்த தடிப் புத்தகத்தை லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து டார்ச் அடித்துப் படித்தேன். கூட வேலை பார்க்கும் தாடி கீழே இருந்து கேள்வி கேட்பான், நான் மேலே இருந்து பதில் கத்துவேன். "அண்ணே, டாக்டர் பட்டமா வாங்கப் போறீங்க?" என்று கிண்டல் செய்தாலும், கிறிஸ்துமஸ் டியூட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் அவன்தான். மூன்றடி மரம் ஒன்று வாங்கி அறையில் வைத்திருக்கிறேன். கட்டிலுக்கும் டூல் பெட்டிக்கும் நடுவில் அது நிற்குமா என்றுகூடப் பார்க்கவில்லை, பிரிக்காத அட்டைப்பெட்டியாகவே கிடக்கிறது. வராத பிள்ளைக்கு மரத்தை ஜோடித்துவிட்டு, பிறகு யார் அதைக் கழற்றுவது?

கேள்வி கேட்டவர் பல் டாக்டர், அதே குடியிருப்புக்காரர். யாராவது வாயைத் திறந்தாலே குனிந்து உள்ளே பார்க்கிற மனுஷன். முதல் சுற்று வழக்கங்கள். ஞானிகள் கொண்டுவந்த காணிக்கைகள் என்ன என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், "பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம்" என்று கொட்டினேன். கண்ணாடிக் குண்டுகள் வருவதற்கு முன்னால் மரத்தில் எதைத் தொங்கவிட்டார்கள்? ஆப்பிள். எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மகள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "எப்போ படிச்சீங்க இதெல்லாம்?" என்றாள். "லிஃப்ட் மேல" என்றேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். உதடு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

பாட்டுச் சுற்றில் டாக்டர் கீபோர்டில் நாலு சுரம் தட்டுவார், மீதியை நாம் பாட வேண்டும். அந்த மெட்டெல்லாம் எனக்குத் தெரியும். டிசம்பர் முழுக்க நான் பார்க்கிற கட்டடங்களின் லிஃப்டுகளில் அவைதான் ஓடும். நான் பாட்டுக்கு லாலா என்று இழுத்துக்கொண்டே போனவன், ஓரிடத்தில் டக்கென்று நின்றுவிட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. எந்தப் பாட்டையும் நான் கதவு திறக்கிற வரைக்கும்தான் கேட்டிருக்கிறேன். "அஞ்சாவது மாடி வந்துடுச்சு" என்று முணுமுணுத்தேன். இந்த முறை அவள் சிரித்தேவிட்டாள். சிரித்துக்கொண்டே, நான் விட்ட இடத்திலிருந்து பிடித்து, கடைசி வரைக்கும் பாடினாள். இவ்வளவு நல்ல குரல் இவளுக்கு எப்போது வந்தது? கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை தானாக, போன் இல்லாத சட்டைப்பையைத் தடவித் தடவிப் பார்த்தது.

சினிமாச் சுற்று வந்ததும்தான் முழி பிதுங்கியது. டாக்டர் பாதிக் கதையைச் சொல்வார், முடிவை நாம் சொல்ல வேண்டும். பனியில் கடையை இழந்த ஒரு பொம்மைக்காரரின் கதையைச் சொன்னார். அந்தப் படம் எனக்குத் தெரியும். ஒரே போர்வைக்குள் இவளோடு உட்கார்ந்து பார்த்த படம் அது. "நாம பார்த்தோமே!" என்றேன் அவள் காதில். "நீங்க பாதிதான் பார்த்தீங்க. போன் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, எழுந்து முடிவைச் சொன்னாள். பொம்மைக்காரர் வீடு திரும்பும்போது ஊரே விளக்கோடு நிற்குமாம். எனக்கு இப்போதுதான் தெரியும். நான் பார்த்தவரை அந்த ஆள் பனியில் நடந்துகொண்டே இருந்தார்.

கடைசிச் சுற்றின் பெயர் 'நம்ம வீடு'. பெரியவரும் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் பலகையில் பதில் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பத்து மதிப்பெண். இதற்கு எந்தப் புத்தகம் இருக்கிறது? "கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில உங்க வீட்டுல முதல்ல கேக்குற சத்தம் எது?" என்றார் டாக்டர். சுற்றிலும் எல்லோரும் குனிந்து எழுதினார்கள். மாதா கோயில் மணி என்று எழுதலாம், பரிசைப் பிரிக்கிற சத்தம் என்று எழுதலாம். பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் உண்மையை எழுதினேன். பலகையைத் திருப்பச் சொன்னார்கள். என்னுடையதில் 'என் போன்' என்று இருந்தது. அவளுடையதில் 'அப்பாவோட போன்' என்று இருந்தது.

"அடடே, பத்துக்குப் பத்து!" என்றார் டாக்டர். பக்கத்து மேஜைக்காரர் என் தோளைத் தட்டினார். நாங்கள்தான் முதலிடமாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பலகையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். இப்படி ஒரு பதிலுக்கா கை தட்டுவார்கள்? வெட்கமாக இருந்தது. வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம் போல இருந்தது.

"கடைசிக் கேள்வி. இந்த வருஷம் மரத்தை வீட்டுல எந்த இடத்துல வைக்கப் போறீங்க?"

என் மகள் கையைத் தூக்கினாள். "அங்கிள், எந்த வீட்டுல?"

பாவம் டாக்டர், கையில் இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார், அதன் பின்பக்கத்தில் பதில் இருப்பது மாதிரி. "உனக்கு எது தோணுதோ, அதை எழுதும்மா" என்றார்.

அவள் எழுத ஆரம்பித்தாள். அவள் அம்மா வீட்டில் மரம் ஜன்னலுக்கு இடப்பக்கம் நிற்கும், நான்தான் முன்பு அதற்கு ஒயர் இழுத்துக் கொடுத்தேன். 'ஜன்னலோரம்' என்று எழுதினால் அநேகமாகப் பத்து மதிப்பெண் கிடைக்கும், கோப்பையும் கிடைக்கும். நான் 'இன்னும் பெட்டியில' என்று எழுதிவிட்டு மூடியை மாட்டினேன்.

அப்போதுதான் வாசலில், கூடைக்குள், என் போன் அடித்தது. அந்தச் சத்தம் அவளுக்கும் தெரியும். என் முட்டி இரண்டும் தானாக நிமிர்ந்தன. எந்தக் கட்டடமோ, லிஃப்டுக்குள் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்களோ. தாடி இருக்கிறான், தாடி போவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்தபடி உட்கார்ந்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கூடையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு. ஏழு. எட்டு.

நின்றுவிட்டது.

"முடிச்சாச்சா?" என்றார் டாக்டர்.

"இரு, இன்னும் திருப்பாதே" என்றாள் என்னிடம். எழுதியிருந்ததைச் சட்டைக் கையாலேயே துடைத்தாள். பிறகு பலகையை மார்போடு சாய்த்துக்கொண்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.