பதினோரு நிமிடப் படகு

சேலத்து வார இதழ் ஒன்றில் பதினாறு வருடமாகச் சினிமா விமர்சனம் எழுதிவந்த வெங்கடாசலம், ஒரு படத்தையும் பாராட்டியதில்லை. 1986-ல் ஒருநாள் ஆசிரியர் அவரைக் கூப்பிட்டார்.

"ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு ஊட்ல டிவியிலயே கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடறாங்களாம். அதையும் ஒரு கை பாருங்க."

அது போர்வெல் ரிக் வைத்திருந்த சென்னிமலையின் வீடு. அவர் ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி கொண்டுவந்த கம்ப்யூட்டரை இங்கே சென்னிமலையின் மனைவி வள்ளியாத்தாள் ஆண்டுகொண்டிருந்தார். வெங்கடாசலத்துக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, கேசட்டைப் போட்டார். டேப்ரிக்கார்டர் ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தியது. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் ஆட்டம் ஏறும் சத்தம் அது. வெங்கடாசலமோ அதுதான் இசை என்று நினைத்து, 'காது கிழிகிறது' என்று குறித்துக்கொண்டார்.

பிறகு திரையில் மூடுபனி வந்தது. கறுப்பாக ஒரு ஆறு, ஒரு படகு, வெகுதூரத்தில் ஒரு விளக்கு. கண்ட பொத்தானையெல்லாம் அவர் அழுத்தினார். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. கால்மணி நேரம் சுற்றவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

'கதை இல்லை, சண்டை இல்லை, முடிவும் இல்லை. கப்பலேறி வந்த கொட்டாவி' என்று விமர்சனம் வெளிவந்தது. அன்றே அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"முடிவில்லைன்னு எழுதியிருக்கீங்களே, முடிவு வரைக்கும் போனீங்களாங்க?" என்று கேட்டார் வள்ளியாத்தாள்.

வெங்கடாசலத்துக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனார். விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கூடம் நிறைய ஆள் வந்திருந்தது.

"எதுக்க ஒரு வண்டி வரலீங்க. இதெல்லாம் ஓட்டறதுங்களா?" என்றார் லாரி டிரைவர் பச்சமுத்து.

"பதினோரு நிமிசத்துல முடிஞ்சிருது. காபிகூட ஆறாதுங்க" என்றார் ஆட்டையாம்பட்டியில் தறி வைத்திருந்த குழந்தைவேல்.

பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த விளக்கைப் பாத்தா, ஜேடர்பாளையத்துல எங்கண்ணன் பரிசல்ல அக்கரைக்குப் போனது ஞாபகம் வருதுங்க."

வெங்கடாசலம் குரலைத் தாழ்த்தினார். "திரும்பி வரலீங்களா?"

"வந்தாருங்களே. ரெண்டு கெண்டை மீனோட."

வெங்கடாசலம் ஆட உட்கார்ந்தார். படகு பழையபடி சுற்றியது. யாரோ சிரித்தார்கள்.

"கையை எடுங்க சாமி," என்றார் வள்ளியாத்தாள். "சும்மா விட்டாத்தான் அது போகும்."

சும்மா இருப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. இருட்டில் உட்கார்ந்தால் குறிப்பெடுத்தே பழகிய கை. அதை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். படகு தானாக நகர்ந்தது. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பச்சமுத்துகூட வாயை மூடிக்கொண்டார். விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. கரையில் யாரோ அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். படகு கரை தட்டியதும், அந்த உருவம் விளக்கை உயர்த்திக்கொண்டு வழிகாட்டுவதுபோல முன்னால் நடந்தது. திரை இருண்டது.

வெங்கடாசலம் பிடித்திருந்த கையை அப்போதுதான் விட்டார். பழனியம்மாள் தன் மோரை அவர் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த இதழில், 'சென்ற வாரம் இங்கே எழுதியவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இது நல்ல ஆட்டம்' என்று எழுதினார். ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தார்.

ஒன்பது கடிதங்கள் வந்தன. எட்டில் வசவு. பதினோரு நிமிட ஆட்டத்தைப் பாராட்ட என்ன வாங்கினீர் என்று குழந்தைவேலே கேட்டிருந்தார். ஒன்பதாவது, கர்நூலிலிருந்து சென்னிமலை எழுதியது: 'உங்க பத்திரிகை இங்க வந்த டிரைவர் கையில கிடைச்சதுங்க. ஒரு மாசமா ஊட்டுக்குப் போன் போட்டா யாரும் எடுக்கறதில்லை. எங்க ஊட்ல என்னங்க நடக்குது?'

வெங்கடாசலமே அதை எடுத்துக்கொண்டு ஃபேர்லேண்ட்ஸ் போனார். வள்ளியாத்தாள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆட்டத்துல உக்காந்தா போன் மணி யாருக்குங்க கேக்குது? எல்லாரும் சௌக்கியம்னு நீங்களே ஒரு வரி எழுதிப் போட்டுருங்க. எழுதறது உங்க தொழில்தானுங்களே."

அவர் எழுதி முடித்து நிமிர்ந்தபோது பச்சமுத்து ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வெங்கடாசலம் மூன்றாவதாகப் போய் உட்கார்ந்தார்.